நான்காம் வார்த்தை: குடும்பக் குழுவில் ஒரு செவ்வாய் இரவு

எஸ்தர்: அனைவருக்கும் ஸ்தோத்திரம். இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் நான்காம் வார்த்தையைத் தியானிக்க வேண்டியவருக்கு உடல்நலம் இல்லாததால், அந்தப் பகுதியை என்னைப் பேசும்படி சபைப் போதகரான ஐயர் இன்று மாலை கேட்டுக்கொண்டார். 12 நிமிடம் தந்திருக்கிறார். "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதற்கு ஞாயிறு பள்ளியில் கேட்ட விளக்கம் எனக்கு இன்றுவரை நெருடலாகவே இருக்கிறது. குமாரன் நம் பாவத்தைச் சுமந்ததால் பிதா அவருக்குத் தம் முகத்தை மறைத்துக்கொண்டார் என்று நான் சபைக்கு முன் நின்று சொல்லலாமா? உங்கள் கருத்து எனக்கு வேண்டும்.

நாகர்கோவில் அத்தை: மிகுந்த சந்தோஷம், எஸ்தர். வெள்ளைப் புடவை இருக்கிறதா?

தூத்துக்குடி மதினி: வாழ்த்துகள். மாமா முதலில் பேசட்டும்.

பெரியப்பா: எஸ்தர், மத்தேயுவும் மாற்கும் சிலுவையிலிருந்து எழுதிவைத்திருக்கும் ஒரே வார்த்தை இதுதான். மற்ற ஆறில் மூன்றை லூக்காவும் மூன்றை யோவானும் தருகிறார்கள். முதலில் அந்தச் சாவு எத்தகையது என்பதைச் சபைக்குச் சொல். சிலுவை என்பது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் ரோமர் வைத்திருந்த தண்டனை. கி.மு. 71இல் அடிமைகளின் தலைவன் ஸ்பார்டகஸின் கலகத்தை அடக்கியபோது, கப்புவாவிலிருந்து ரோம் வரையிலான சாலையோரத்தில் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்து நிறுத்தினார்கள். யூதருக்கோ அது இன்னும் கொடியது. தூக்கிப்போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. இப்படிப்பட்ட சாவில் இரட்சிப்பு எப்படி வந்தது என்று சபை நெடுங்காலம் யோசித்தது. அநேகரை மீட்கும்பொருள் என்று மாற்கு 10:45 சொல்கிறது. அதிகாரங்களின்மேல் சிலுவையிலே வெற்றிசிறந்தார் என்று கொலோசெயர் 2:15 சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரிப் பேராயராக இருந்த அன்செல்ம், தேவனுடைய மகிமைக்கு மனிதன் செலுத்த வேண்டியும் செலுத்த முடியாமற்போன கடனை, மனிதனாய் வந்த தேவனே செலுத்தினார் என்று விளக்கினார். சீர்திருத்தக் காலத்தில் கடன் என்ற இடத்தில் தண்டனை என்ற கருத்து வலுப்பெற்றது. நீ ஞாயிறு பள்ளியில் கேட்டது அந்த வழியில் வந்த போதனை.

சென்னை அண்ணன்: 12 நிமிடத்தில் அன்செல்மைக் கொண்டுவர வேண்டாம்.

எஸ்தர்: போதனை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது, பெரியப்பா. ஆனால் பிதா கோபத்தோடு ஒரு பக்கமும், குமாரன் வேதனையோடு மறுபக்கமும் நிற்பதாகச் சொன்னால், கேட்கிறவர்கள் இயேசுவை நேசித்துக்கொண்டே பிதாவுக்குப் பயந்து ஒதுங்கிவிடுவார்கள். எனக்கும் சிறுவயதில் அப்படித்தான் இருந்தது.

சித்தப்பா: வேதத்தில் உள்ளதை மென்மையாக்க வேண்டாம், எஸ்தர். "கர்த்தரோ அவரை நொறுக்கச் சித்தமாகி" என்று ஏசாயா 53:10 தெளிவாகச் சொல்கிறது. பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று பவுலும் எழுதுகிறார். நம் பாவத்தின் பாரத்தை எடுத்துவிட்டால் சிலுவையில் வெறும் பரிதாபந்தான் மிஞ்சும்.

நாகர்கோவில் அத்தை: தம்பி, இந்த முறையாவது வெள்ளிக்கிழமை பாளைக்கு வருவாயா?

சித்தப்பா: அக்கா, பெரிய வெள்ளி என்று தனியாக நாள் ஆசரிக்கும் வழக்கம் எங்கள் சபையில் இல்லை. அப்பம் பிட்கும் ஒவ்வொரு முறையும் "கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள்" என்ற வசனத்தின்படி அதே மரணத்தைத்தான் நினைவுகூருகிறோம்.

பெரியப்பா: ஆச்சியின் அடக்க ஆராதனையின்போது கோவில் வாசலிலேயே நின்றுவிட்டாய். அது நாள் ஆசரிக்கிற காரியம் அல்லவே.

நாகர்கோவில் அத்தை: அண்ணன், அதை இங்கே எடுக்க வேண்டாம்.

தூத்துக்குடி மதினி: எஸ்தர், நான் எங்கள் வழக்கத்தைச் சொல்லலாமா? எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பெரிய வெள்ளியன்று பூசை கிடையாது. வியாழன் இரவு முதல் மணியும் அடிப்பதில்லை, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். பாடுகளின் வரலாற்றை யோவான் நற்செய்தியிலிருந்து வாசித்த பிறகு, துணியால் மூடிய சிலுவையைத் திறந்து உயர்த்திக் காட்டுவார்கள். பிறகு எல்லாரும் வரிசையாகப் போய் முத்தி செய்வோம், அதாவது முத்தமிடுவோம். என் அம்மா முழங்கால் வலியோடு தரையில் மண்டியிட்டு, பாதத்தில் ஆணி அறைந்த இடத்தில் முத்தி செய்துவிட்டு, எழும்பாமல் அங்கேயே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். பின்னால் நிற்பவர்கள் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். எங்களுக்குச் சிலுவையின் பொருள் பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்கும்போதுதான் விளங்குகிறது. மாமா, புதுவீட்டு ஜெபத்தன்று எங்கள் கூடத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசுவின் உருவம் உள்ள சிலுவையை, எடுத்துவிட்டு வெறுஞ்சிலுவையை வைக்கச் சொன்னீர்கள். எனக்கு அது மிகுந்த வருத்தமாக இருந்தது.

சென்னை அண்ணன்: சுரூபம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

பெரியப்பா: மகளே, அவர் உயிர்த்தெழுந்தார் என்று அறிக்கையிடவே நாங்கள் வெறுஞ்சிலுவையை வைக்கிறோம். ஆனாலும் எங்கள் மும்மணி ஆராதனையே உங்கள் பக்கத்திலிருந்து வந்ததுதான். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெரு நாட்டின் லீமா நகரில், அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு இந்த மூன்று மணி நேரத் தியானத்தை நடத்தினார். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் சபையார் அதை ஏற்றுக்கொண்டார்கள். அறையப்பட்ட கிறிஸ்துவின் உருவமும் முதல் நூற்றாண்டுகளில் மிக அரிது. ரோமாபுரியின் சாந்தா சபீனா ஆலயத்து மரக்கதவில் 5ஆம் நூற்றாண்டில் செதுக்கியதுதான் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் ஒன்று. சிலுவைச் சாவைக் கண்ணால் கண்ட தலைமுறையினருக்கு அதை உருவமாகச் செய்யக் கை கூசியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

சித்தி: நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. எஸ்தர், உனக்காக எழுதுகிறேன். என் மகன் போன பிறகு வீட்டுக்கு வந்த எல்லாரும் தேவசித்தம் என்றே சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஜெபமே வரவில்லை. அந்த ஆண்டு பெரிய வெள்ளிக்கு மனமில்லாமல் போய், தூணோரத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பீடத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். வெயிலுக்குச் சன்னல்களைச் சாத்தியிருந்ததால் உள்ளே புழுக்கமாக இருந்தது. நான்காம் வார்த்தையை வாசித்தபோது, நான் வாய்விட்டுக் கேட்கப் பயந்திருந்த கேள்வியை ஆண்டவரே மிகுந்த சத்தமிட்டுக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதால் நான் விசுவாசத்தை விட்டுப் போய்விடவில்லை என்ற தைரியம் கிடைத்தது. மகனைப் பறிகொடுத்தவர் பிதாவுந்தானே? அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நீ சொன்னால், கடைசிப் பெஞ்சில் இருப்பவர்கள் யாரிடம் போவார்கள்?

நாகர்கோவில் அத்தை: என் தங்கமே.

எஸ்தர்: சித்தி, இதற்காகத்தான் கேட்டேன். என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை.

சித்தப்பா: மதினி, உங்கள் மகன் போன நாளில் நான் வந்து உங்கள் முன் நின்றபோது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. நீங்கள் எழுதியதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நம் பாவத்துக்காகவே மரித்தார் என்பதை மட்டும் எஸ்தர் விடாமல் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெரியப்பா: அதை விட வேண்டியதில்லை, தம்பி. நம்மால் தூக்க முடியாததை அவர் சுமந்தார் என்பதில் நமக்குள் பேதம் கிடையாது. ஆனால் எஸ்தர், ஆண்டவர் சொன்னது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதைப் பிடித்துக்கொள். வஸ்திரத்தைப் பங்கிட்டுச் சீட்டுப்போடுவதும், தலையைத் துலுக்கிப் பரியாசம்பண்ணுவதும் அந்தச் சங்கீதத்திலேயே இருக்கின்றன. 24ஆம் வசனத்தைப் பார்: "தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்காமலுமிருந்து, தம்மை நோக்கி அவன் கூப்பிடுகையில் அவனைக் கேட்டருளினார்." இப்படி முடியும் சங்கீதத்தைத் தொடங்கியவர், கைவிடப்பட்ட வேதனையை முழுவதும் அனுபவித்துக்கொண்டே, கைவிட்டதாகத் தோன்றியவரை "என் தேவனே" என்றும் அழைத்தார். அந்த வேதனை நடிப்பு அல்ல. அந்த உரிமையும் அறுந்துபோகவில்லை. இரண்டையும் ஒன்றாகச் சொல். தேவன் கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5:19 சொல்லும்போது, பிதா தூரத்தில் நின்று பார்த்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? மாற்கு சுவிசேஷத்தில் இந்தக் கூப்பிடுதலைக் கேட்டவர்கள் எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தார்கள். ஆனால் அவர் இப்படிக் கூப்பிட்டு ஜீவனை விட்டதைக் கண்ட நூற்றுக்கு அதிபதிதான் "மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்" என்றான். சிலுவையில் அறைந்த சேனையின் அதிகாரி ஒருவன் அந்தச் சாவிலேயே தேவனைக் கண்டுகொண்டான். ஆராதிக்கிறவர்களுக்குப் பெரிய வெள்ளியின் பொருள் இதுவே என்று நான் விசுவாசிக்கிறேன்: நாம் கைவிடப்பட்டோம் என்று நினைக்கும் இடத்துக்குள் தேவன் தாமே வந்துவிட்டார்.

தூத்துக்குடி மதினி: மாமா, இதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

சென்னை அண்ணன்: இதிலிருந்தே 12 நிமிடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்தர்: நன்றி, பெரியப்பா. தியானத்துக்கு முன் 22ஆம் சங்கீதத்தின் 31 வசனங்களையும் விடாமல் வாசிக்க ஐயரிடம் அனுமதி கேட்கப் போகிறேன். சித்தி, நீங்கள் முன்னால் வந்து வாசிப்பீர்களா?

சித்தி: முன்னால் நிற்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை. காலையில் சொல்கிறேன்.

நாகர்கோவில் அத்தை: அவளால் முடியாவிட்டால் தம்பி வாசிக்கட்டுமே. அவன் குரலில் சங்கீதம் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஆராதனை முடிந்து எல்லாருக்கும் நம் வீட்டில்தான் கஞ்சி. எத்தனை பேர் என்று யாராவது சொல்லுங்கள்.

பெரியப்பா: அவன் வாசிப்பதானால் எனக்குச் சந்தோஷம். எஸ்தர், ஏழாம் வார்த்தையும் 31ஆம் சங்கீதத்தின் ஜெபந்தான். நான்காம் வார்த்தையிலிருந்து அங்கே எப்படிப் போவது என்று நாளைக் காலையில் எழுதி அனுப்புகிறேன்.

எஸ்தர்: அனுப்புங்கள், பெரியப்பா. சங்கீதத்தை யார் வாசிப்பது என்பதை மட்டும் நாளை மாலைக்குள் முடிவு செய்துவிடுங்கள். ஆராதனை ஒழுங்கை ஐயர் வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறார்.

சித்தப்பா: வியாழன் இரவு ரயிலில் இடம் கிடைக்குமா என்று பார்க்கிறேன்.