ஒரே தமனி, இரண்டு அளவு: அப்பாவின் ஸ்கேனில் எதை நம்புவது?

குடியாத்தத்துக்காரன்:
அப்பாவுக்கு 67 வயது. பேரணாம்பட்டில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பீடிக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. சிறுநீர்த் தொந்தரவுக்காக இங்கேயே வயிற்று ஸ்கேன் எடுத்தோம். யாரும் தேடாத ஒன்று அகப்பட்டது: சிறுநீரகத்துக்குக் கீழே பெருந்தமனி விரிந்து 3.1 செ.மீ. இருக்கிறதாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வேலூரில் வேறோர் இடத்தில் எடுத்தால் 35 மி.மீ. என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலி எதுவும் இல்லை. இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. அதற்குள் 4 மி.மீ. வளர்ந்துவிட்டதா? இந்தக் குழாய் சாதாரணமாக எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

காட்பாடி ஸ்கேன் அக்கா:
தம்பி, முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஆண்களுக்கு ஏறக்குறைய 2 செ.மீ. இருக்கும், பெண்களுக்குச் சற்றுக் குறைவு. 3 செ.மீ. தொட்டுவிட்டால் அனியூரிசம், அதாவது தமனிப் புடைப்பு என்று பெயர் வைப்பார்கள். ஆகவே அப்பாவுக்கு இருப்பது உண்மைதான். ஆனால் இந்த அளவில் உள்ளவை பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான் வளரும். இரண்டு மாதத்துக்குள் 4 மி.மீ. என்றால் நான் முதலில் அளந்த விதத்தைத்தான் சந்தேகிப்பேன். அறிக்கைத் தாளை விடுங்கள், படங்களை எடுத்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் இரண்டும், அவற்றை இணைக்கும் புள்ளிக்கோடும் தெரியும். குறிகள் சுவருக்கு உள்ளே நிற்கின்றனவா, வெளியே நிற்கின்றனவா?

ஆற்காட்டு அனுபவசாலி:
தினமும் பூண்டுப் பால் கொடுங்கள். என் மாமாவுக்கு இரத்தக் குழாய் அடைப்பே கரைந்துவிட்டது.

காட்பாடி ஸ்கேன் அக்கா:
ஐயா, அடைப்பு வேறு, புடைப்பு வேறு. இங்கே கரைப்பதற்கு எதுவும் இல்லை, சுவர்தான் தளர்ந்திருக்கிறது. தம்பி, பூண்டுப் பாலை விட்டுவிட்டுப் பீடியைப் பிடுங்குங்கள். புடைப்பு வருவதற்கும் வளர்வதற்கும் புகைதான் முதல் எதிரி.

சத்துவாச்சாரி டாக்டர் (ஓய்வு, கதிரியக்கப் பிரிவு):
ஸ்கேன் அக்கா சரியான இடத்தில் கை வைத்தார். தமனிச் சுவருக்குத் தடிமன் உண்டு. ஒரு பக்க உள்விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க உள்விளிம்பு வரை அளப்பது ஒரு வழக்கம். பிரிட்டனில் 65 வயது ஆண்களுக்கு நடத்தும் பரிசோதனைத் திட்டத்தில் இப்படித்தான் அளக்கிறார்கள். வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளப்பவர்களும் ஏராளம். இந்த வேறுபாடு மட்டுமே சில மில்லிமீட்டரைக் கூட்டிக் காட்டிவிடும்.

அடுத்தது, வெட்டு. வாழைத்தண்டைச் சாய்த்து நறுக்கினால் வட்டம் நீள்வட்டமாகிவிடும் அல்லவா? வயதானவர்களின் பெருந்தமனி வளைந்து நெளிந்து போகும். அதன் போக்குக்குச் செங்குத்தாகக் கருவியைப் பிடிக்காவிட்டால் அளவு வீங்கிவிடும். அல்ட்ராசவுண்டில் முன்பின்னாக எடுத்த அளவு, பக்கவாட்டில் எடுத்ததைவிட நம்பகமானது, ஏனென்றால் ஒலி போகும் திசையில்தான் விளிம்பு கூர்மையாகத் தெரியும். ஒரே ஆளை இரண்டு பேர் கவனமாக அளந்தாலும் 2, 3 மி.மீ. முன்னே பின்னே வரும். இதைச் சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

வாலாஜா வாசகி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும் டாக்டர். எனக்கு எக்கோவில், அதாவது இதய ஸ்கேனில், பெருந்தமனி 3.4 செ.மீ. என்று போட்டிருக்கிறது. 3 தாண்டினால் புடைப்பா?

சத்துவாச்சாரி டாக்டர்:
இல்லை அம்மா. அந்த 3 வயிற்றுப் பகுதிக்குரிய கணக்கு. இதயத்திலிருந்து கிளம்பும் இடத்தில் குழாய் இயல்பாகவே அகலம், 3 முதல் 3.5 செ.மீ. வரை சகஜம், 4 தாண்டினால்தான் பொதுவாக விரிந்தது என்போம். இறங்க இறங்கக் குறுகும். தொடைத் தமனி 8 முதல் 10 மி.மீ., கழுத்தில் பொதுத் தமனி 6, 7 மி.மீ., மணிக்கட்டில் நாடி பார்க்கும் தமனி 2 மி.மீ. சொச்சம். உருவம் சிறியவர்களுக்கு உயரம், எடை பார்த்துக் கணக்கிட வேண்டும். உங்கள் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் படத்தில் இரண்டு கூட்டல் குறிகளும் கறுப்பு வட்டத்துக்குள்ளே, வெள்ளை விளிம்பைத் தொட்டபடி நிற்கின்றன. வேலூர்ப் படத்தில் வெள்ளை விளிம்புக்கு வெளியே இருக்கின்றன. அதில் இரண்டு கோடுகள்: மேலிருந்து கீழே 33, குறுக்கே 35. அறிக்கையில் 35 மட்டும்தான் ஏறியிருக்கிறது!

சத்துவாச்சாரி டாக்டர்:
அப்படியானால் 31-ஐ 33-உடன்தான் ஒப்பிட வேண்டும். அதிலும் ஒன்று சுவருக்கு உள்ளே, மற்றது வெளியே. வளர்ந்ததற்கு இதில் சான்று ஏதும் இல்லை. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. நெருங்கும்போதுதான் அறுவைப் பேச்சு. அப்பாவின் அளவுக்குக் கண்காணிப்பு போதும். அமெரிக்க இரத்தநாள அறுவை மருத்துவர்கள் 3 ஆண்டு இடைவெளி சொல்கிறார்கள், பிரிட்டனில் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். நம் ஊரில் உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். இன்னொன்று: சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை எழுதுவது வழக்கம். புடைப்பு உள்ளவர்களுக்கு வேறு வழி இருந்தால் அதைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துத் துறை 2018-இல் எச்சரித்தது. எந்த மருத்துவரிடம் போனாலும் புடைப்பு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

குடியாத்தத்துக்காரன்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. சித்தப்பாவுக்கும் 65 ஆகிறது, அவரும் பீடிதான். அவருக்கும் பார்க்க வேண்டுமா?

காட்பாடி ஸ்கேன் அக்கா:
கட்டாயம் பாருங்கள் தம்பி, உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம். காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப் போங்கள். வயிற்றில் காற்று நிறைந்திருந்தால் தமனி மறைந்துவிடும். அப்பாவின் அடுத்த ஸ்கேனுக்குப் பழைய படங்களையும் கொண்டுபோய், "வெளிவிளிம்பு அளவா, உள்விளிம்பு அளவா என்று அறிக்கையில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் எழுதித் தருவார்கள்.