பித்தப்பையை எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? எப்படி இருக்கிறது?

பித்தப்பையை எடுத்துவிட்டால் அப்புறம் கொழுப்பே செரிக்காது என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். எனக்கு எடுத்தாகிவிட்டது, அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வலி. எண்ணெயில் பொரித்ததை மூக்குமுட்டத் தின்றுவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும், அப்படியே முதுகுப் பக்கம் போய் வலது தோள்பட்டைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும். குப்புறப் படுத்தாலும் சரி, எழுந்து நடந்தாலும் சரி, இறங்காது. ஸ்கேன் எடுத்தால் பை நிறையக் கல். கொழுப்பு வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்புமாம், அது வந்ததும் பித்தப்பை சுருங்கி, கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீரை வெளியே தள்ளப் பார்க்கும், ஆனால் பையின் வாயில் கல் அடைத்திருக்கிறதே, அந்த நெருக்கல்தான் வலி என்றார் டாக்டர். சாப்பிட்ட உடனே வராமல் ஏன் கொஞ்ச நேரம் கழித்து வருகிறது என்ற சந்தேகம் அப்போதுதான் தீர்ந்தது.

லேப்ராஸ்கோபிதான், சின்னச் சின்னத் துளைகள். வேடிக்கை என்னவென்றால் வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. உள்ளே இடம் கிடைக்க கார்பன் டை ஆக்சைடு ஊதுகிறார்கள், அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது, அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை ஆள் மாறிப் பழி போடுகிறது. மெதுவாக நடந்துகொண்டிருந்தேன், தானாகப் போய்விட்டது.

சரி, செரிமானம். பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல், பை அல்ல. கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் சுரக்கிறது. பை கொள்வதோ 50 மில்லி போல, ஆனால் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, வேண்டிய நேரத்தில் மொத்தமாகக் கொட்டும். ஒரு தண்ணீர்த் தொட்டி போனது மாதிரிதான், குழாயில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது. கொழுப்பு செரிக்கிறது, ஒரே வேளையில் அளவுக்கு மீறினால்தான் திணறுகிறது. நான் பிரித்துப் பிரித்துச் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. என் கதை வேறு. என் கல் பையில் இருக்காமல் நழுவி, பித்தநீர் குடலுக்குப் போகும் குழாயான பித்த நாளத்தில் சிக்கிக்கொண்டது. கண் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறம், உடம்பெல்லாம் அரிப்பு. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது மலம் களிமண் மாதிரி வெளிறிப் போனதுதான். சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து வரும் நிறமி பித்தநீரோடு குடலுக்குள் போய்த்தான் மலத்துக்குப் பழுப்பு நிறம் கிடைக்கிறது, வழி அடைபட்டால் அது ரத்தத்தில் தேங்கித் தோலிலும் சிறுநீரிலும் தெரியும். வாய் வழியாகக் குழாய் விட்டு, நாளம் குடலில் திறக்கும் இடத்தைக் கொஞ்சம் கீறிக் கல்லை எடுத்தார்கள். பையை அப்புறம் தனியாக எடுத்தார்கள். வெளிறிய மலத்தோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், நேராக எமர்ஜென்சிதான்.

*

எனக்கு வலியெல்லாம் பெரிதில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு வயிற்றுப்போக்குதான் படுத்தியது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஓட வேண்டும். பித்தநீரில் இருக்கும் பித்த உப்புகளில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறதாம், அதைத் தாண்டிப் பெருங்குடலுக்குள் அதிகமாகப் போனால் அங்கே தண்ணீரைச் சுரக்க வைத்துவிடும். அந்தப் பித்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொடி கொடுத்தார்கள், கரைத்துக் குடிக்க மணல் மாதிரி இருக்கும், ஆனால் கேட்டது. மற்ற மாத்திரைகளையும் அது பிடித்துக்கொள்ளும் என்பதால் இடைவெளி விட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். இப்போது பொடியும் இல்லை, ஓட்டமும் இல்லை.

கல் இருந்தும் வலியே இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் சொன்னார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.