36 எழுதச் சொன்னால் 63: கெட்டிக்காரப் பிள்ளைகளின் எழுத்துச் சிக்கல், எங்கள் அனுபவம்

கோவை அம்மா:
எங்க வீட்டுக்காரர் மோட்டார் காயில் (உள்ளே சுற்றும் கம்பிச் சுருள்) கட்டும் கடை வைத்திருக்கிறார். பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. ஏழு வயதில் ஒரு நாள், கழற்றிப் போட்டிருந்த ஸ்டேட்டரை (மோட்டாரில் சுழலாத வெளிப்பகுதி) எட்டிப் பார்த்து, காயில் உட்காரும் பள்ளங்களை எண்ணிவிட்டு, "36 ஸ்லாட், நாலு போல். அப்போ ஒரு போலுக்கு ஒன்பதுதானேப்பா?" என்றான். போல் என்றால் காந்தத் துருவம். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. அதே வாரம் கணக்கு நோட்டில் 36-ஐ 9-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் 63 என்று எழுதி, 7 என்று விடை போட்டிருந்தான். அவன் எழுதிக்கொண்ட கணக்குக்கு அந்த விடை சரி. நோட்டில் பெரிதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி.

"வாயைத் திறந்தா பெரிய மனுஷன் மாதிரி பேசுறான். எழுதச் சொன்னா மட்டும் சோம்பேறித்தனம்" என்றார்கள் பள்ளியில். நானும் நம்பினேன். இரண்டு பக்கம் எழுதினால்தான் கடைக்குப் போகலாம் என்று சட்டம் போட்டேன். ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்தவன், ஒன்பது மணிக்கு நாலு வரியில் இருந்தான். பென்சிலை அழுத்தின அழுத்தில் தாளில் ஓட்டை. விரல் நுனி வெளுத்துக் கிடந்தது. அவனுடைய அமுச்சிதான் (என் அம்மா), "போதும், எந்திரி சாமி" என்று நோட்டைப் பிடுங்கி வைத்தார். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது பள்ளி சொன்னதல்ல, நான் போட்ட அந்தச் சட்டம்தான்.

மூன்றாம் வகுப்பில் உளவியலாளரிடம் கூட்டிப்போனோம். இரண்டு நாள் சோதனை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி, காட்டிய வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். சட்டென்று முடித்துவிட்டு, "இதைவிடக் கஷ்டமானது இருக்கா?" என்று கேட்டானாம். அடுத்து, குறிகளைப் பார்த்து நேரத்துக்குள் எழுத வேண்டிய பகுதி. அதில் பாதிகூட வரவில்லை. எல்லாம் சேர்த்து வந்த மொத்த மதிப்பெண்: சராசரி!

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூணு பேஸ் கரண்ட்ல ஒண்ணு டவுன். அதைக் கூட்டி மூணால வகுத்து, வோல்டேஜ் பரவாயில்லைன்னு மோட்டாரை ஓட்டினா, காயில் எரிஞ்சுதான் போகும்." உளவியலாளர் அம்மா சிரித்துக்கொண்டே, "நான் சொல்ல வந்ததும் அதேதாங்க" என்றார். மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பகுதியாகப் பார்க்கச் சொன்னார். மூளை வேகமாக இருப்பதால் எழுத்துச் சிக்கல் கண்ணில் படுவதில்லை, எழுத்து இப்படி இருப்பதால் மூளை இருப்பதும் தெரிவதில்லை என்றார். டிஸ்கிராஃபியா, அதாவது எழுதுவதில் வரும் கற்றல் குறைபாடு என்று அறிக்கை வந்தது. இப்படி இரண்டும் சேர்ந்திருப்பதை 'டுவைஸ் எக்ஸெப்ஷனல்' என்கிறார்களாம்.

முதலில் கடை நேரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அப்புறம் சிறப்பு ஆசிரியர், வாரம் இரண்டு நாள். இதில் ஒரு கூத்து: எழுத்துப் பயிற்சிக்கென்று பள்ளியில் அவனை அறிவியல் பீரியடில் வெளியே அனுப்பினார்கள். அவன் வாய் திறக்கும் ஒரே வகுப்பு அது. மூன்று முறை போய் நின்றபிறகு, நேரத்தை மாற்றினார்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் இப்போது ஜெராக்ஸ் தருகிறார்கள். எல்லா ஆசிரியர்களும் அல்ல.

ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தஞ்சை:
அம்மா, அந்தச் சிவப்புப் பேனாவை நானும் பிடித்தவன்தான். ஒரு பையன், 'மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ்?' என்று விடாமல் கேட்பான். வகுப்பில் வேறு யாரும் கேட்காத கேள்வி. நான் அவனுக்கு எழுத்துப் பிழைக்காக ஐம்பது முறை இம்போசிஷன் கொடுத்தேன். ஐம்பதிலும் அதே பிழை. திமிர் என்று நினைத்து இன்னும் ஐம்பது. அப்போது இந்தப் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் ஐம்பது இடத்திலும் ஒரே பிழை இருந்தால் யோசித்திருக்க வேண்டாமா?

சென்னை, கல்லூரி மாணவி:
பெண் பிள்ளைகள் வம்பு செய்யாததால் இன்னும் தாமதமாகத்தான் மாட்டுவோம். எனக்குச் சிக்கல் வாசிப்பதில். ஆறாம் வகுப்புவரை நான் எழுத்தைப் பார்த்துப் படித்ததே இல்லை, கேட்டதை ஒப்பித்தேன். தோழி ஒருமுறை வாசித்தால் பாடம் மனதில் நின்றுவிடும். புத்தகத்தைப் பார்த்தபடி 'வாசிப்பேன்'. ஒரு நாள் தமிழம்மா புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்தார், அவ்வளவுதான். ண, ன, ந மூன்றும் எனக்கு ஒரே கூட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. "சலுகையில வாங்கின மார்க்" என்று வகுப்பில் பேசினார்கள். தெரியாத விடை அந்த ஒரு மணி நேரத்தில் எங்கிருந்து வரும்?

சேலம் அப்பா:
என் மகளுக்கு ஏழு வயது. சான்றிதழ் இப்போதே வாங்கலாமா?

கோவை அம்மா:
எட்டு முடியட்டும் சார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. எட்டு வயதுக்கு மேல்தான் சான்றிதழ், 14-லும் 18-லும் மறுபடி பார்ப்பார்கள் என்றார்கள். அரசு மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் எல்லாம் அதை வைத்துத்தான். ஆனால் உதவிக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்காதீர்கள், பயிற்சியை இப்போதே தொடங்கலாம்.

நாங்கள் வீட்டில் போனில் பேசி எழுத வைக்கிறோம். போன வாரம் 'என் அப்பாவின் தொழில்' கட்டுரை. "எங்கள் அப்பா காயில் கட்டுகிறார்" என்று சொல்ல, போன் "கோயில் கட்டுகிறார்" என்று எழுதிவிட்டது. அவனுக்கு எழுத்தில் பிடிபடவில்லை. போனையே வாசிக்க விட்டுக் கேட்டவன், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு கடைக்கு ஓடினான், "அப்பா, கும்பாபிஷேகம் எப்போ?" என்று கேட்க.