பெல்ட் புதுசு, புல்லி பழசு

டீசல்பித்தன்:
போன மாசம் சமயபுரத்துல அக்கா பேரனுக்கு முடியிறக்கம். சென்னையில இருந்து என் பதினோரு வருஷ டீசல் வண்டியில அஞ்சு பேர் கிளம்பினோம். மீட்டர்ல 1,12,000 தாண்டியாச்சு. காலையில ஸ்டார்ட் பண்ணினா எலி கத்துற மாதிரி ஒரு கீச்சு வரும், ஒரு நிமிஷத்துல அடங்கிடும். ரெண்டு மாசமா இப்படித்தான். வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். எட்டிப் பார்த்துட்டு பெல்ட் காஞ்சுபோச்சுன்னாங்க, புதுசு மாட்டினாங்க. சத்தம் பாதி குறைஞ்சுது. பாதி குறைஞ்சதையே நான் குணமாயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டேன்.

திருமாந்துறை டோல் தாண்டி பத்து நிமிஷம் இருக்கும். பானெட்டுக்குள்ள கல்லெறிஞ்ச மாதிரி 'டொக்'. அடுத்த நொடி பேட்டரி படம் செவப்பா எரியுது, ஸ்டீயரிங் இறுகிடுச்சு, ஏசியில வெக்கைக் காத்து. பக்கத்துல மச்சான், "பேட்டரிதான் மாப்ள, ஓடுற வண்டிய நிறுத்தாத, பெரம்பலூர் போயிடலாம்"னார். எனக்கும் அதே நெனப்புதான். பின் சீட்ல இருந்து வீட்டுக்காரிதான் கேட்டா, "அந்த முள்ளு ஏறுதே, அது எதுக்கு?" ஹீட் முள் பாதியைத் தாண்டிப் போய்க்கிட்டிருந்துச்சு. ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டேன்.

என் வண்டியில பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங், ஏசி கம்ப்ரஸர் நாலையும் ஒரே பெல்ட்தான் சுத்துது. மத்த மூணும் இல்லாம தட்டுத்தடுமாறி ஊர் போய்ச் சேரலாம். வாட்டர் பம்ப் நின்னா கூலன்ட் ஓடாது. கொஞ்ச தூரத்துலயே இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கற சீல், அதான் ஹெட் கேஸ்கெட், போகும், அலுமினிய ஹெட்டே வளைஞ்சாலும் வளையும். இன்னொரு பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இன்ஜினை இறக்கியிருக்கணும்.

பானெட்டைத் தூக்கினா புது பெல்ட் பிஞ்சு தொங்குது. பெல்ட்டுக்கு வழிகாட்டுற சும்மா சுத்துற சக்கரம், அதான் ஐட்லர் புல்லி, அது இருந்த எடத்துல போல்ட்டும் பேரிங்கோட உள்வளையமும்தான் மிச்சம். பேரிங் இறுகி புல்லி சுத்தாம நிக்க, பெல்ட் அதுமேல தேய்ஞ்சு, சூட்டுல பிளாஸ்டிக் இளகிச் சில்லு சில்லாப் போயிருக்கு. நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடிச்சேன். ரோந்து வண்டிக்காரங்க வந்து பின்னாடி கூம்பு வெச்சு நின்னாங்க, அப்புறம் இழுவை வண்டி.

பெரம்பலூர் மெக்கானிக் அண்ணன் கையில துண்டை வாங்கிப் பார்த்துட்டு, "பெல்ட் புதுசு, புல்லி பழசு. கத்தினது இது, மாத்தினது அதையா?"ன்னு சிரிச்சார். திருச்சிக் கடையில இருந்து விடியக்காலை பஸ்ல, கண்டக்டர் கையில புல்லி வந்துச்சு. ஐட்லர், பெல்ட்டை இறுக்கமா வெச்சிருக்கற டென்ஷனர், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபா. இழுவைக்குத் தனியா 2,500. அந்த ஐட்லர் மட்டும் 900 ரூபாதான். நாங்க போய்ச் சேர்றப்போ பையன் மொட்டைத் தலையில சந்தனத்தோட தூங்கிக்கிட்டிருந்தான்.

கோயமுத்தூரான்:
பெல்ட்டா பேரிங்கான்னு கண்டுபிடிக்கறது ஒண்ணும் பெரிய வேலை இல்லீங்க. ஓடறப்ப பெல்ட்டோட பல்லு பக்கம் கொஞ்சமா தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் மாறுச்சுன்னா பெல்ட் பக்கம் சந்தேகப்படலாம், இல்ல புல்லி ஒரே நேர்ல இல்லைன்னு அர்த்தம். மாறவே இல்லைன்னா பெரும்பாலும் பேரிங்தான். அப்புறம் வண்டியை ஆஃப் பண்ணி, பெல்ட்டைக் கழட்டிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்துங்க. நல்ல புல்லி சத்தமில்லாம, லேசா பிடிச்ச மாதிரி சுத்தும். காத்தாடி மாதிரி சரசரன்னு ரொம்ப நேரம் சுத்துதுன்னா சந்தோசப்படாதீங்க, உள்ள கிரீஸ் காஞ்சுபோச்சு.

எனக்கு 2019-ல இதே ஐட்லர் போச்சு. என்னுது இரும்புப் புல்லி. பேரிங் மேல 6203-ன்னு போட்டிருந்துச்சு: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எந்த பேரிங் கடையிலயும் கிடைக்கிற சைஸ். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கறதா, நல்ல கம்பெனியாப் பார்த்து வாங்கி, இங்க கணபதி ஏரியாவுல ஒரு லேத் பட்டறையில புல்லிக்குள்ள அழுத்திக்கிட்டேன். மொத்தமே 400 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அதுக்கப்புறம் 30,000 கிலோமீட்டர் ஓடிடுச்சுங்க.

பழையவண்டி:
தம்பி சொல்றது இரும்புக்குச் சரி. பிளாஸ்டிக் புல்லியில பெரும்பாலும் பேரிங்கைச் சுத்தித்தான் பிளாஸ்டிக்கையே வார்த்திருப்பாங்க. அதைத் தட்டி எடுத்து வேற பேரிங் போட்டா பிடிமானம் இருக்காது, ஓடுறப்ப நழுவும். இதைப் பார்த்துட்டு யாரும் லேத்துக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க.

இன்னொண்ணு. சில பழைய டீசல் வண்டிகள்ல பிரேக்கை லேசா மிதிக்க உதவுற வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோட பின்பக்கமே ஒட்டியிருக்கும். அதுல பெல்ட் அறுந்தா ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக் கட்டை மாதிரி ஆயிடும். தொப்பூர் இறக்கத்துல அதை அனுபவிச்சவன் நான். கியரைக் குறைச்சுக் குறைச்சு, ரெண்டு காலாலயும் பெடலை ஏறி மிதிச்சுத்தான் நிறுத்தினேன். இன்னிக்கும் அந்த வளைவு வந்தா கால் தானா நடுங்கும்.

மருதாணி:
என்னோடது உடைஞ்ச மாதிரியே தெரியாத புல்லி. ஐடில்ல வண்டி அதிரும், டேஷ்போர்டு உதறும். இன்ஜினைத் தாங்குற மவுன்ட்டுன்னு சொல்லி ரெண்டு மவுன்ட் மாத்தினாங்க, பணம் போனதுதான் மிச்சம். கடைசியில ஓசூர்ல ஒரு வயசான மெக்கானிக், இன்ஜின்ல இருந்து பெல்ட்டைச் சுத்த வைக்கிற கிராங்க் புல்லியோட நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் சாக்பீஸால நேர்கோடு ஒண்ணு போட்டார். "ரெண்டு நாள் ஓட்டிட்டு வாம்மா"ன்னார். வந்து பார்த்தா உள்ள இருக்கற கோடு ஒரு பக்கம், விளிம்புக் கோடு வேற பக்கம்.

எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்ல. உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் நடுவுல ரப்பர் இருக்கு, கிராங்க்கோட அதிர்வை அதுதான் வாங்கிக்குது. ரப்பர் விட்டுப்போனதால வெளிவட்டம் தனியா நழுவிக்கிட்டிருந்திருக்கு. முழுசா கழண்டிருந்தா பெல்ட்டோட சேர்ந்து என்னென்ன போயிருக்குமோ. இதுக்கு மட்டும் புதுப்பேட்டையில பழசு தேட வேண்டாம்னு அவரே சொல்லிட்டார். பழசுல இருக்கற ரப்பருக்கும் அதே வயசுதான்.

டீசல்பித்தன்:
அந்த சாக்பீஸ் வேலையை நாளைக்கே பண்றேன். பழையவண்டி அண்ணே, ஏசி கம்ப்ரஸர் புல்லி ஜாம் ஆனாலும் இதே கதிதானா?

பழையவண்டி:
ஆமா, ஏசி போடாட்டியும் அந்தப் புல்லி சுத்திக்கிட்டேதான் இருக்கும். சில வண்டிகள்ல கம்ப்ரஸரைத் தவிர்த்துட்டுச் சின்ன பெல்ட் மாட்டி ஊர் வந்து சேரலாம். பழைய பெல்ட் முதுகுல 6பிகே1750 மாதிரி எழுதியிருக்கும். ஆறு வரி, 1750 மில்லி நீளம். போற பாதையை நூல் வெச்சு அளந்துட்டு அந்த நீளத்துல கேட்டு வாங்கு. புல்லி போல்ட்டைக் கழட்டறப்ப மட்டும் அவசரப்படாத, சில வண்டிகள்ல அது லெஃப்ட் த்ரெட், வலப்பக்கம் சுத்தினாத்தான் கழலும். நான் பைப் போட்டு எதிர்ப்பக்கம் இழுத்து, போல்ட் தலையை முறிச்சு வெச்சிருக்கேன்.