நீலத்திரையின் 10 விநாடி

தேக்காவாசி:
“லினக்ஸில் சாதனங்களை இயக்கும் டிரைவர் என்று எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை, எல்லாம் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, வேலை செய்யவில்லை என்றால் பயனர் எதையோ குடைந்திருக்கிறார்” என்று கெர்னல்பித்தன் ஒரு புதியவருக்குச் சொல்லியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போட மனமில்லாமல் உபுண்டு என்ற லினக்ஸ் வகைக்கு வந்தவர் அவர். நிறுவும்போது வெளியார் டிரைவர்களுக்கான கட்டத்தில் குறியிட்டார். கேட்ட கடவுச்சொல்லையும் கொடுத்தார். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று தோன்றி, 10 விநாடி எண்ணிவிட்டு, தானே மறைந்துவிட்டது. வைஃபை வரவில்லை. இதில் அவர் குடைந்தது எதை?

கெர்னல்பித்தன்:
ஐயா, இன்டெல், ஏஎம்டி சாதனங்களை வைத்திருக்கும் எவரும் நான் சொன்னதை மறுக்க மாட்டார். அந்த நீலத்திரை ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு தெளிவாகத்தான் கேட்கிறது. அதற்கு 10 விநாடி தாராளம். கதவு மூடும் ஒலியைக் கேட்டுக்கொண்டே நடைமேடையில் நின்றுவிட்டு எம்ஆர்டி ரயிலைக் குறை சொல்வது நம் ஊரில் சிலருக்குப் பழக்கம். அதுவும் முடியாதென்றால் கணினியின் தொடக்க அமைப்பான பயாஸுக்குள் போய், ஏற்கப்பட்ட கையொப்பம் இல்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடட்டும்.

தேக்காவாசி:
செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்வது உங்களுக்கு எளிது. அதே கணினியில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு, அதில் வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கரும் இயங்கிக்கொண்டிருந்தால், அணைத்த மறுகணமே விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கக்கூடும். புதியவர் அதை எங்கே போய்த் தேடுவார்? பிராட்காமின் சில பழைய வைஃபை சில்லுகளுக்கு மூலநிரல் திறக்கப்படாத டிரைவர்தான் வழி. அது ஒவ்வொரு கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் உங்கள் கணினியிலேயே கட்டப்படுகிறது, அங்கேயே உருவாக்கிய சாவியால் கையொப்பமிடப்படுகிறது. அந்தச் சாவியை உரிமையாளரே ஏற்றார் என்பதற்கான ஒப்புதலைத்தான் நீலத்திரை கேட்கிறது. ஒப்புதல் இல்லையென்றால் கெர்னல் அந்த டிரைவரை ஏற்றாது, பிழைச் செய்தியையும் பதிவேட்டுக்குள் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இத்தனையும் தொங்கிக்கொண்டிருப்பது அந்த 10 விநாடியில்.

பூன்லே மாணவி:
பலதுறைத் தொழிற்கல்லூரியில் இதையே படிப்பதால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். டிரைவர் வேறு, சாதனத்துக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் வேறு. முதலில் அதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தேவைப்படாது. என்விடியா வரைகலைச் சில்லுகளுக்கு, உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் முன்பே கையொப்பமிட்ட தொகுப்புகள் இருப்பதால், அவற்றை நிறுவுவோருக்கு நீலத்திரையே வராது. வைஃபை இல்லாதவர் ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி வடத்தில் இணைத்து, அதன் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு மீதியை நிறுவலாம்.

கெர்னல்பித்தன்:
பார்த்தீர்களா, நீலத்திரையே வராது என்று மாணவியே சொல்லிவிட்டார்.

தேக்காவாசி:
அவர் சொன்னது என்விடியாவுக்கு. நான் கேட்டது வைஃபைக்கு. படித்துவிட்டு எழுதுங்கள்.

கெர்னல்பித்தன்:
படிப்பைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். சமூக மன்றத்தில் நாம் லினக்ஸ் நிறுவிக் கொடுத்த நாளில், டெபியன் 11 என்ற லினக்ஸ் வகைதான் தூய்மையானது என்று பிடிவாதம் பிடித்தவர் யார்? அதன் வழக்கமான நிறுவல் கோப்பில் மூடிய ஃபர்ம்வேர் கிடையாது என்பதால், வந்திருந்த முதியவர் வைஃபை இல்லாமலேயே வீடு திரும்பினார். 2022-இல் டெபியன்காரர்களே வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பில் ஃபர்ம்வேரைச் சேர்த்தே கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் தூய்மைவாதம் அப்போதே காலாவதியாகிவிட்டது.

தேக்காவாசி:
அதே நாளில் என்விடியா தளத்திலிருந்து டிரைவரை நிறுவும் ரன் கோப்பை இறக்கி, டிகேஎம்எஸ்ஸில் பதிவு செய்யாமலேயே இன்னொருவருக்கு நிறுவிக் கொடுத்தவரைப் பற்றியும் பேசலாமா? அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் அவருக்குக் கறுப்புத் திரைதான் மிஞ்சியது. டிரைவர் நிறுவவே தேவையில்லை என்பவர், அன்று எதை நிறுவிக்கொண்டிருந்தார்?

ஈசூன் பெரியவர்:
2012-இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியதை நினைத்துக்கொண்டேன். அந்நிறுவனமே 2022 மே மாதத்தில் தன் கெர்னல் நிரல்களைத் திறந்துவிட்டது. நீங்கள் இருவரும் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

கெர்னல்பித்தன்:
பெரியவரே, அது திறந்தது கெர்னல் பகுதியை மட்டும். பயனர் பகுதி மூடியேதான் இருக்கிறது. அது கிடக்கட்டும். திரையைப் படிக்காதவர்கள் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையில் ஒரு கணினி வகுப்புக்குப் போகலாம். 10 விநாடி போதும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன்.

தேக்காவாசி:
போதாது என்று அந்த நீலத்திரையை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. சாவியைப் பதிவுக்கு அனுப்பும் மோக்யூடில் என்ற கட்டளையில் காத்திருப்பு நேரத்துக்கென்றே ஒரு தேர்வு உண்டு. அதில் கழித்தல் ஒன்று என்று கொடுத்தால், விசையை அழுத்தும்வரை நீலத்திரை அங்கேயே நிற்கும். தவறவிட்டவர் அதே கருவியால் சாவியை மீண்டும் பதிவுக்கு அனுப்பி, புதிய கடவுச்சொல் கொடுத்து, மறுதொடக்கம் செய்யலாம். புதியவருக்கு இதைச் சொல்லாமல், குடைந்துவிட்டீர்கள் என்று சொன்னீர்களே, அதுதான் என் கேள்வி. நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கெர்னல்பித்தன்:
நேரத்தை மாற்ற வழி இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு குறை எங்கே இருக்கிறது?

தேக்காவாசி:
அந்தக் கட்டளையை அறிந்தவருக்கு 10 விநாடியே போதும். அறியாதவருக்குத்தானே அது தேவைப்படுகிறது! மேலும், டெபியன் 11-ஐ நான் பரிந்துரைத்தது முதியவருக்கு அல்ல, உங்களுக்கு.

கெர்னல்பித்தன்:
முதியவருக்குத்தான். மேசையில் நானும் இருந்தேன்.