குமரிமுனையை 900 கிலோமீட்டர் தெற்கே தள்ளலாமா?

தோவாளைக்காரன் (மாலை 6.10)
வணக்கம் மக்களே. அறிவியல் புனைகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். காலம் 2090. குமரிமுனைக்குச் சற்றுத் தள்ளிக் கடலுக்குள் ஒரு மேடை. அதிலிருந்து ஒரு வடம் நேர் செங்குத்தாக வானத்துக்குப் போகிறது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையம். வடத்தைப் பற்றிக்கொண்டு பெட்டிகள் ஏறி இறங்கும், ராக்கெட்டே தேவையில்லை. விண்வெளி லிப்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் ஊர்ச் சந்தையில் விடிவதற்குள் வாங்கிய பிச்சி மொட்டை ஒருவன் மேலே இருக்கும் மனைவிக்குக் கொண்டுபோகிறான். அவ்வளவுதான் கதை.

நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "லிப்டின் அடி பூமத்திய ரேகையில்தான் இருக்க வேண்டும், குமரிமுனையில் நிற்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்போது இடத்தை மாற்றவா, நண்பரை மாற்றவா?

தக்கலை வாத்தியார் (6.42)
நண்பர் சொன்னது சரி. முப்பது ஆண்டு பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். பூமி ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரத்திலேயே நிலையமும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போதுதான் அது கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்கும். அப்படி நிற்க வானத்தில் ஒரே ஒரு வளையம்தான் உண்டு. அது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே இருக்கிறது.

நம் வீட்டு மாடியில் இருக்கும் டிஷ்ஷைப் பாருங்கள், அண்ணாந்து நிற்கும். டெல்லியில் அதே டிஷ் இன்னும் குனிந்து தெற்கைப் பார்க்கும். அந்த வளையத்துக்கு நாம் அவர்களைவிடப் பக்கம், அதுதான் காரணம். ஆனால் பக்கம் என்பது வேறு, அடியில் நிற்பது வேறு. குமரிமுனை ஏறத்தாழ 8 டிகிரி வடக்கே இருக்கிறது. டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கிக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 900 வரும். செங்குத்து வடம் இங்கே நடக்காது. கதையை மாலத்தீவுக்குக் கொண்டுபோங்கள். அதன் தென்கோடித் தீவுகள் ரேகையைத் தொட்டுக்கொண்டுதான் கிடக்கின்றன.

சாளைக்குழம்பு (6.55)
மாலத்தீவில் பிச்சிப்பூவுக்கு எங்கே போவது சார்?

விவாதமே தப்பான இடத்தில் தொடங்குகிறது. 1963இல் 'கலை அரசி' வந்தது. இசை இல்லாத ஒரு கிரகத்திலிருந்து வருகிறவர்கள் நம் பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எம்.ஜி.ஆர். மீட்கப் போகிறார். ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம். கொட்டகையில் இருந்த யாராவது "அந்தத் தட்டுக்கு எரிபொருள் என்ன" என்று கேட்டிருப்பார்களா? நமக்கு சுஜாதாவின் ஜீனோ நினைவில் நிற்பது அதற்குள் இருந்த சில்லுக்காகவா, அந்த இயந்திர நாய் பேசிய பேச்சுக்காகவா? பாட்டு இல்லாத கிரகம் என்பது எப்பேர்ப்பட்ட கற்பனை! அதற்கு ஒரு டிகிரியும் தேவைப்படவில்லை.

தம்பி, இடத்தை மாற்றாதே. எட்டு டிகிரியை எண்ணுகிறவன் கதை படிக்க வரமாட்டான், பிழை திருத்த வருவான்.

வடசேரி பஸ் (7.03)
ஒரு சந்தேகம். ரேகை தும்பா வழியாகப் போவதால்தானே அங்கே ராக்கெட் நிலையம் வைத்தார்கள்? தும்பா நமக்கு வடக்கே இருக்கிறதே. அப்படியானால் நாம் ரேகைக்குத் தெற்கே அல்லவா இருக்கிறோம்?

தக்கலை வாத்தியார் (7.15)
பலருக்கும் இருக்கிற குழப்பம். தும்பாவுக்குப் பக்கத்தில் போவது பூமியின் காந்த நடுக்கோடு. அதற்கு மேலே, சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு மின்னோட்டம் கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதை ஆராய வசதி என்பதால்தான் அங்கே நிலையம் வைத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் போனது. பூகோளப் படத்தில் இருக்கும் ரேகை வேறு. தும்பாவே அதற்கு எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது.

சாளைக்குழம்பு அவர்களுக்கு: நீங்கள் சொல்லும் படத்தை நானும் ரசித்தேன். ஆனால் அது பறக்கும் தட்டு எப்படிப் பறக்கிறது என்று சொல்லவே இல்லை, ஆகவே கேள்வியும் எழவில்லை. இந்தத் தம்பி 35,786 என்று கடைசி இலக்கம் வரை எழுதியிருக்கிறார். கடைசி இலக்கம் வரை எழுதுகிறவர் இடத்தையும் சரியாகச் சொல்ல வேண்டும். பில்லில் பைசா வரை போட்டுவிட்டுக் கூட்டலில் தொள்ளாயிரம் விட்டால் கடைக்காரரை என்ன சொல்வோம்?

மார்த்தாண்டம் தேன் (7.40)
சார் பக்கம் சாயலாம் என்றுதான் வந்தேன். ஆனால் ஆர்தர் கிளார்க்கை எப்படி மறந்தீர்கள்? விண்வெளி லிப்டை வைத்து 1979இல் அவர் எழுதிய நாவல் 'தி பவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. அவர் வாழ்ந்தது இலங்கையில். லிப்டையும் அங்கேயே, ஒரு புனித மலையின் உச்சியில் வைக்க ஆசைப்பட்டார். இலங்கையும் ரேகையில் இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளினார்! பெயரையும் தாப்ரபேன் என்று மாற்றினார். மலையின் உயரத்தை இரண்டு மடங்காக்கினார். அந்த நாவலுக்கு ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் கிடைத்தன.

அவர் 800 தள்ளலாம், தோவாளைக்காரர் 900 தள்ளக் கூடாதா? நூறு கிலோமீட்டருக்கா இந்தச் சண்டை?

(சம்பந்தமில்லாத ஒன்று. சுஜாதாவும் கிளார்க்கும் 2008இல் மூன்று வார இடைவெளியில் போனார்கள். அந்த மார்ச் மாதம் முழுக்க நான் வேறெதுவும் படிக்கவில்லை.)

சாளைக்குழம்பு (7.44)
தேன் அண்ணனுக்கு என் செலவில் ஒரு தட்டு மரச்சீனியும் மீன்கறியும்.

தக்கலை வாத்தியார் (8.05)
மரச்சீனியைச் சற்று நிறுத்தி வையுங்கள். அந்த நாவல் என்னிடமும் இருக்கிறது. பின்னுரையில் கிளார்க் தீவைத் தள்ளியதையும் மலையை உயர்த்தியதையும் தாமே சொல்லிவிடுகிறார். தள்ளாமலே தப்பித்துவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. எட்டு டிகிரி எனக்கு உறுத்தியதுபோல் அவருக்கும் உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் இருக்கிறவர் தீவை என்ன, கண்டத்தையே தள்ளட்டும்.

குமரிக்கோடு (8.20)
கண்டம் என்று ஐயாவே சொல்லிவிட்டார். நான் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நம் கையில் இருக்கும் வைரத்தை யாரும் எடுக்கவில்லை. குமரிக்கண்டம்! நம் நிலம் தெற்கே ரேகையையும் தாண்டிப் பரந்து கிடந்தது. பஃறுளி ஆறும் குமரிக்கோடு என்ற மலையும் கடலில் போனதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. 2090இல் அந்த நிலம் மீண்டும் எழுகிறது என்று வையுங்கள். லிப்டுக்கு இடமும் ஆயிற்று, இனத்துக்குப் பெருமையும் ஆயிற்று. கிளார்க் கற்பனையாகத் தள்ளினார், நமக்கோ அது வரலாறு.

தக்கலை வாத்தியார் (8.31)
கடைசி வாக்கியம் இல்லாதிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் குரங்கை ஒத்த லெமூர் வகை விலங்குகள் இருப்பதை விளக்க, 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கலாம் என்று ஊகித்தார். லெமூரியா என்ற பெயர் அப்படி வந்தது. கண்டங்களே நகர்கின்றன என்று பின்னால் தெரிந்ததும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போனது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது உண்மை. நம் முனைக்குத் தெற்கேயும் கொஞ்சம் தரை வெளியே தெரிந்திருக்கும். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். ஆனால் ரேகை வரைக்கும் நிலம் என்பது கிடையாது. அங்கே கடல் கிலோமீட்டர் கணக்கில் ஆழம்.

கதையில் எழுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரலாறு என்று சொல்லி எழுப்பாதீர்கள்.

குமரிக்கோடு (8.36)
வெள்ளைக்காரன் தீவைத் தள்ளினால் இலக்கியம், தமிழன் கண்டத்தை எழுப்பினால் பொய்யா?

சாளைக்குழம்பு (8.38)
இதோ வந்துவிட்டது. இனி இரவு பன்னிரண்டு வரை யாரும் லிப்டைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

மட்டுறுத்துநர் (8.50)
நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடைய பாட்டன் எந்தக் கண்டத்திலிருந்து வந்தார் என்பதற்கு வேறு இழை இருக்கிறது.

முட்டத்துக்காரி (9.14)
இந்தப் பக்கத்தில் படிப்பது மட்டும்தான் என் வழக்கம். வாத்தியார் சாரிடம் ஒன்று கேட்கத் தோன்றியதால் எழுதுகிறேன். வடம் ஏன் செங்குத்தாகவே நிற்க வேண்டும்?

அப்பா வள்ளத்தில் நங்கூரம் போடுவார். சிறுவயதில் இரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். பத்துப் பாகம் (பாகம் என்றால் இரு கையையும் விரித்த நீளம்) ஆழம் என்றால் கயிறு பத்துப் பாகம் மட்டும் விடமாட்டார், இன்னும் நிறைய விடுவார். நீரோட்டத்தை எங்கள் பக்கம் நீவாடு என்போம். வள்ளம் நீவாட்டின் போக்கில் தள்ளிப்போய்க் கயிற்றைச் சாய்த்து இழுத்துக்கொண்டு நிற்கும். கயிறு நேராக நின்று நான் பார்த்ததே இல்லை. இழுவை கையில் தெரியும், பிடித்துப் பார் என்று கொடுப்பார். ஈரக் கயிறு வீணைக் கம்பி மாதிரி விறைத்து நடுங்கும். நங்கூரம் ஓரிடத்தில், வள்ளம் வேறிடத்தில். இரண்டும் நேர்மேலே கீழே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லையே. குமரிமுனையில் நங்கூரம், நிலையம் தெற்கே. கயிறு சாய்ந்து போகட்டுமே சார்?

இன்னொன்றும் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது என் பெரியப்பா ஆழ்கடலில் இருந்தார். செய்தி அவருக்கு எட்டவில்லை. பதினோராவது நாள் லட்சத்தீவிலிருந்து போன் வந்தது. 2090இலும் இந்தக் கடலில் புயல் வரும், அப்போதும் யாராவது வெளியே இருப்பார்கள். கடலுக்குள் அவ்வளவு பெரிய மேடை கட்டிய கதையில் ஒரு வள்ளம்கூட இல்லையா?

தக்கலை வாத்தியார் (10.02)
மகளே, ஒரு மணி நேரமாகத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொல்வது சரி.

ரேகையை விட்டுத் தள்ளி அடியை ஊன்றவே கூடாது என்று நான் சொன்னது மிகை. ஊன்றலாம். வடம் தெற்கே சாய்ந்து எழும். அடியில் பக்கவாட்டு இழுப்பு இருக்கும், அதனால் சுமக்கும் எடை குறையும். மேடையை இன்னும் பலமாகக் கட்ட வேண்டும். செலவு கூடும், ஆனால் விதி மீறப்படாது. முப்பது ஆண்டு கரும்பலகையில் செங்குத்துக் கோடு போட்டே பழகிவிட்டேன்.

புயல் விஷயத்திலும் உன் பக்கமே நியாயம். ரேகையை ஒட்டிய ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிக அரிது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பும் விசை அங்கே போதாது. லிப்டுக்கு ரேகை நல்ல இடம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். நாம் எட்டில் இருக்கிறோம். நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

சாளைக்குழம்பு (10.09)
சார் தவறை ஒப்புக்கொண்ட இந்த நாளைக் குறித்துவைக்கிறேன். இருந்தாலும் என் கட்சி மாறவில்லை. சாய்ந்த வடம் நன்றாக இருப்பது அது சரியாக இருப்பதாலா? இல்லை. கண்ணை மூடினால் தெரிகிறது, அதனால்தான். சூரியன் மறையும்போது கடல்மேல் ஒரு கம்பி தெற்கே சாய்ந்து மேகத்துக்குள் போகிறது. சினிமாக்காரனுக்கு அது போதும்.

மார்த்தாண்டம் தேன் (10.15)
கணக்குப் பார்க்காமல் அந்தக் காட்சி யாருக்கும் கிடைக்கவில்லையே தம்பி. நீ சொன்னபடி விட்டிருந்தால் கம்பி இன்னும் நேராகத்தான் நின்றிருக்கும்.

சாளைக்குழம்பு (10.17)
சரி, கணக்கு என்றால் நானும் போடுகிறேன். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் பெட்டி ஏறினால் 35,786 கிலோமீட்டருக்கு எத்தனை நாள்? கைப்பேசியில் வகுத்தேன். ஏழரை நாள் வருகிறது. பிச்சி மொட்டு விடியலில் பறித்தால் அன்று சாயங்காலமே விரிந்துவிடும், மறுநாள் நிறம் மாறும். தோவாளைக்காரா, உன் நாயகன் மனைவிக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்?

தோவாளைக்காரன் (10.58)
அப்பாவிடம் போய்க் கேட்டேன். நாற்பது வருடம் சந்தையில் பூக்கடை போட்டவர். "ஐஸ் பெட்டியில் வைத்தாலும் எட்டு நாள் தாங்காது. மணம் மட்டும் இலையில் கொஞ்சம் இருக்கும்" என்றார். வாழையிலையில்தான் பொதிந்து கட்டுவார்கள்.

முதல் வடிவத்தில் பூ மணக்க மணக்கப் போய்ச் சேர்ந்தது. அதை அடித்துவிட்டேன். ஏழரை நாளும் அவன் பொதியைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஏறட்டும். மேலே அவள் பிரிக்கிறாள். மிச்சம் இனிமேல்தான் எழுத வேண்டும். முட்டத்து அக்கா சொன்ன வள்ளமும் வருகிறது, முதல் பக்கத்திலேயே.

சார், சாய்வு எத்தனை டிகிரி என்று போட்டுத் தர முடியுமா? பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குப் பொதி எந்தப் பக்கம் சரியும் என்று தெரிய வேண்டும்.

தக்கலை வாத்தியார் (11.20)
வடத்தில் எவ்வளவு இழுவிசை வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அது தெரியாமல் சாய்வைப் போட முடியாது. கரண்ட் வேறு போய்விட்டது. காலையில் பார்ப்போம்.