மறு: சப்ஊஃபருக்குத் தமிழ்ச்சொல் – ‘முழக்கி’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிக்கப் வண்டியில் பேஸ், அதாவது பாட்டின் தாழ்ந்த கனத்த ஒலி, கூட்டுவது பற்றித் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதுகிறேன், அந்த ஒலியை மட்டும் எழுப்பும் சப்ஊஃபருக்கு ஒரு சொல் வேண்டும் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய சொற்களை எல்லாம் கையேட்டின் வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். தனியே நிறுத்திப் பார்த்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. ஒயரும் திருகாணியும் நடமாடும் வாக்கியத்துக்குள் போனபிறகுதான் எது நிற்கும், எது சரியும் என்று தெரிகிறது.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவும் ஒரு ஒலிபெருக்கிதானே, தனிப்பெயர் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். கதவில் இருக்கும் ஒலிபெருக்கிக்குப் பாட்டு முழுவதும் போகிறது. சப்ஊஃபருக்கோ 80 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 80 அதிர்வு) சுற்றுவட்டாரத்தில் வெட்டி, அதற்குக் கீழே இருப்பதை மட்டும் அனுப்புகிறோம். அதற்குத் தனிப் பெட்டி, தனிப் பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்), பேட்டரியிலிருந்து தனியாக இழுத்த தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். இத்தனை தனிக்குடித்தனம் நடத்தும் பொருளுக்குத் தனிப்பெயர் கொடுப்பதுதான் நியாயம்.

நான் இருப்பது டெக்சாசில். இங்கே தெருவுக்குத் தெரு பிக்கப் நிற்கும். கார் என்றால் டிக்கியில் பெட்டியை வைத்துவிடலாம். பிக்கப்புக்குப் பின்னால் இருப்பது திறந்த தொட்டி, மழையும் வெயிலும் அதில்தான் இறங்கும். ஆகவே பின்னிருக்கைக்கு அடியிலோ, இருக்கை முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவிலோதான் இடம். என் வண்டியில் இருக்கையைத் தூக்கி அளந்தால் ஆறரை அங்குல உயரம் தேறியது. முக்கால் அங்குல எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அடைத்த பெட்டி செய்து, 10 அங்குலத் தட்டை வகை சப்ஊஃபரை அதில் பொருத்தினோம். துளை வைத்த பெட்டி இன்னும் ஓங்கி ஒலிக்கும், ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும்.

இடம் குறைவு என்று வருத்தப்படத் தேவையில்லை என்பதைக் கையேட்டில் நான் விரிவாகவே எழுதியிருக்கிறேன். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். ஆட்கள் உட்காரும் கேபினின் நீளம் இரண்டரை மீட்டருக்கு மேல் போகாது. அலை முழுதாக விரிய உள்ளே இடமே இல்லை. சப்ஊஃபரின் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது கேபினில் இருக்கும் காற்று மொத்தமும் சேர்ந்து அழுந்துகிறது, தளர்கிறது. அதனால் சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினே ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. அடைத்த பெட்டி கீழே போகப்போக எதை இழக்கிறதோ, அதில் பெரும்பகுதியைச் சின்னக் கேபின் திருப்பித் தந்துவிடுகிறது.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘தாழொலிப்பான்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் வண்டியில் ‘ஒலிப்பான்’ என்றால் ஹாரன். காற்று ஒலிப்பானைப் போலீஸ் பறிமுதல் செய்தது என்று செய்தித்தாளிலேயே வருகிறது. வண்டி பற்றிய கையேட்டில் இந்தச் சொல்லை வைத்தால் படிக்கிறவர் பானட்டைத் திறந்து ஹாரனைத் தேடுவார்.

‘கீழொலிபெருக்கி’ இலக்கணமாக இருக்கிறது. ஆனால் ‘பெருக்கியின் வெளியீட்டு முனையைக் கீழொலிபெருக்கியோடு இணைக்கவும்’ என்று எழுதியதும் எனக்கே குழம்பிவிட்டது. ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கி என்று இரண்டுக்கும் ஒரே வேரை நாம் என்றைக்கோ கொடுத்துவிட்டோம். அந்தச் சிக்கலில் இன்னொரு முடிச்சு வேண்டாம்.

ஊஃபர் என்ற பெயரே நாய் குரைப்பதிலிருந்து வந்தது, எனவே ‘குரைப்பான்’ என்றார் ஒருவர். உச்ச ஒலிக்கான சின்ன ஒலிபெருக்கி ட்வீட்டரின் பெயர் பறவையின் கீச்சிலிருந்து வந்தது என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் காதில் விழுந்ததை அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நம் காதில் குரைப்பு என்றால் எரிச்சல்தான், கனம் இல்லை.

‘மெலிவு’ பற்றி எழுதியவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மெலிவு (தாழ்ந்தது), சமன் (நடுவானது), வலிவு (உயர்ந்தது) என்று சுருதியின் மூன்று நிலைகளையும் பழந்தமிழிசை வகுத்து வைத்திருப்பது நமக்குப் பெருமை. ஆனால் இன்று ‘மெலிவுப் பெட்டி’ என்று கேட்டால் சக்தி இல்லாத பெட்டி என்றுதான் புரிந்துகொள்வார்கள். ‘கார்வை’ அதைவிட நல்ல சொல். கார்வையான குரல் என்று இன்றும் சொல்கிறோம். தாளம் படித்தவர்களுக்குக் கார்வை என்பது நீட்டி நிறுத்தும் இடம் என்பதுதான் தடை. இந்தச் சொல்லைப் பேஸ் என்ற தன்மைக்கு வைத்துக்கொள்ளலாம், பொருளின் பெயராக வேண்டாம்.

மிருதங்கத்தின் இடப்பக்கம் ‘தொப்பி’ என்ற யோசனையைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கச்சேரிக்கு முன் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். தோலின் எடை கூடக்கூடச் சுருதி இறங்கும். சப்ஊஃபரின் கூம்பைக் கனமாகச் செய்வதற்கும் அதே காரணம்தான், எடை கூடினால் அது இயல்பாக அதிரும் வேகம் (ஒத்ததிர்வு) கீழே இறங்கும். பெயராக வைத்தால் தலைத்தொப்பிதான் நினைவுக்கு வரும். ஆனாலும் இந்த விளக்கத்தைக் கையேட்டில் அப்படியே சேர்த்துவிட்டேன்.

என் முன்மொழிவு ‘முழக்கி’.

தமிழில் எது முழங்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடி முழங்கும், கடல் முழங்கும், முரசு முழங்கும். குயில் கூவும், கிளி கொஞ்சும், வண்டு ரீங்காரமிடும். இவற்றில் எதையும் முழங்குகிறது என்று யாரும் சொல்வதில்லை. கனத்த ஒலிக்கென்று நம் வினைச்சொல்லே தனியாக நிற்கிறது. சங்கும் முழங்குமே என்று கேட்பீர்கள், உண்மைதான். கோஷத்துக்கும் முழக்கம் என்கிறோம். ஆனால் ‘முழக்கி’ என்ற வடிவம் பொருளின் பெயராக இதுவரை யாருக்கும் பட்டா போட்ட சொல்லாக எனக்குத் தெரியவில்லை. வேற்றுமை உருபும் தடங்கலில்லாமல் ஏறுகிறது: முழக்கியை, முழக்கிக்கு, முழக்கிப்பெட்டி, இரட்டை முழக்கி. கடைக்காரர் ‘சப்’ என்று ஓரசையில் முடிக்கிற இடத்தில் நாம் ஏழெழுத்துச் சொல்லை நீட்டினால் யார் சொல்வார்கள்?

பொருத்திய அன்று நடந்ததையும் சொல்கிறேன். எல்லாம் இணைத்தாயிற்று, பாட்டு போட்டால் பெட்டி அதிர்கிறது, ஓட்டுநர் இருக்கையில் பேஸ் இல்லை. நண்பர் பின்னால் குனிந்து கூட்டல், கழித்தல் ஒயர்களை இடம் மாற்றிப் போட்டார். அந்த நொடியில் தவிலின் அடி என் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. கதவு ஒலிபெருக்கி காற்றைத் தள்ளும்போது பெட்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது, ஒன்றை ஒன்று அழித்துவிட்டது. “இப்பதான்யா முழங்குது” என்றார் அவர். சொல் எனக்குக் கிடைத்தது அங்கேதான்.

முழக்கி என்றால் சத்தம் கூட்டும் கருவி என்று ஆகிவிடாதா என்ற தயக்கம் எனக்கும் இருக்கிறது. அதனால் விளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘முழக்கி – சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலியை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கி.’ திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், பெருக்கியில் கெயின் என்றொரு திருகு இருக்கிறது. ரேடியோவிலிருந்து வரும் மின்னழுத்தத்துக்குப் பெருக்கியை இசைய வைப்பதற்கு அது. பலரும் அதை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகி முழக்கிக்குள் இருக்கும் கம்பிச் சுருளைக் கருக்கிவிடுகிறார்கள். ‘பெருக்கம்’ என்று எழுதினால் அந்தத் தவறு இன்னும் கூடும் என்று பயப்படுகிறேன். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?